எட்டு எண்ணிப் பழகிய கால்கள்

அத்தாச்சி போனில் சொன்னது ஒரே வரி. "நீதான் அங்க வாரா வாரம் ஆடிக்கிட்டு இருக்கியே, இங்க வந்து ஒரு நாள் ஆடிட்டுப் போயேன்."

அத்தாச்சி என்றால் என் கணவரின் அக்கா, பஞ்சவர்ணம். நான் ஆடிக்கொண்டிருப்பது உண்மைதான். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் செவ்வாய், வியாழன் சாயந்திரங்களில் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்கு வரிசை நடனம் சொல்லிக் கொடுக்கிறேன். மாடு மேய்ப்பவர்கள் போடும் அகலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இருபது பெண்கள் வரிசை வரிசையாக நின்று, எட்டு எண்ணி ஆடுவது. எட்டு முடிந்தால் மறுபடி வலது காலில் ஒன்று. அந்தப் பாட்டு போடுகிறவர்களிலும் சில கிறுக்கர்கள் உண்டு. நடுவில் இரண்டு எண்ணிக்கையை முழுங்கிவிடுவார்கள். சிலர் மூன்று மூன்றாகச் சுற்ற வைப்பார்கள். அப்படி வரும் இடத்தில் ஆட்டத்தை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ரீஸ்டார்ட் என்று பெயர். எந்தப் பாட்டில் எத்தனையாவது சுற்றில் ரீஸ்டார்ட் வரும் என்று ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே கோணல் தாளம் எனக்கொன்றும் புதிதல்ல என்கிற திமிரோடுதான் விமானம் ஏறினேன்.

ஊர் அரிமளத்துக்குப் பக்கம். அங்கே முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டும் வட்டத்தில் வீட்டுக்கு ஓர் இடம். பதினெட்டு வீடு, பதினெட்டு இடம். அந்த வீட்டுப் பெண்ணோ மருமகளோ அதில் நிற்க வேண்டும். ஒரு வருடம் ஆள் இல்லையென்றால் இடத்தைக் காலியாக விட்டு ஆடுவார்கள். இரண்டாம் வருடமும் இல்லையென்றால் இரண்டு பக்கமும் நெருங்கி நின்று வட்டத்தை மூடிவிடுவார்கள். மூடினால் மூடினதுதான். போன வருடம் மூட்டுவலியால் அத்தாச்சி நிற்கவில்லை. இந்த வருடம் மூட்டு ஆபரேஷன் முடிந்து வாக்கரில் நடக்கிறார். மிச்சமிருக்கிற பெண் நான் ஒருத்தி.

"போயிட்டு வாயேன், ஒரு வாரம்தானே" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அவருக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தொடங்கியது. கையில் பெட்டி, தலையில் தொப்பி. தொப்பியைக் கொண்டு வரச் சொன்னதும் அத்தாச்சிதான். நான் எப்போதோ வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோவை ஊர் முழுக்கக் காட்டியிருக்கிறார். பெட்டிக்குள் வைத்தால் நசுங்கும் என்று தலையில் வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் அருகில் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அரிமளம் என்றேன். "இந்தா நிக்குதுல்ல, ஏறுங்க" என்று என் பெட்டியைத் தூக்கி அவரே ஒரு பஸ்ஸில் வைத்தார். பஸ் கிளம்பி முக்கால் மணி நேரம் கழித்து, இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பாக வர ஆரம்பித்தபோது, அரிமளம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"அரிமளமா? இது ஆலங்குடில்ல போகுது. அது அங்கிட்டு, இது இங்கிட்டு."

"டிக்கெட் வாங்கும்போது சொன்னேனே."

"கடைசி ஸ்டாப்புக்குத்தான கேட்டீங்க? வெளியூராளு தோப்புப் பாக்கப் போறீங்கன்னு நெனச்சேன். தொப்பியெல்லாம் போட்டிருக்கீங்க."

சிங்கப்பூரில் ரயில் அரை நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே கண்டக்டர் ஒரு பையிலிருந்து இரண்டு கை முந்திரிப்பருப்பை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏற்றியும் விட்டார். அந்தப் பஸ்ஸில் பக்கத்தில் கழற்றி வைத்திருந்த தொப்பியின் மேல் யாரோ ஒரு கடலை மூட்டையை இறக்கினார்கள். முந்திரி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துண்டு வைத்த கயிறு மணிக்கட்டில் ஏறிய பிறகுதான் விதிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். காப்பு அவிழ்க்கும் வரை ஏழு நாள் ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. கறி, மீன், முட்டை கிடையாது. கடைசி நாள் சாயந்திரம் கும்மியில் யாராவது கொட்டுத் தவறினால் எல்லாரும் நின்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரே வீட்டுக்காரர் மூன்று தடவை தவறினால் வெளியே வந்துவிட வேண்டும். அப்போதும் வட்டத்தை மூடிவிடுவார்கள்.

"இதை ஏன் போனில் சொல்லவில்லை?" என்று அத்தாச்சியைக் கேட்டேன்.

"நீ டீச்சருல்ல, ஒனக்கெதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார். ஊரிலும் அப்படியே சொல்லி வைத்திருந்தார். சிங்கப்பூரில் டான்ஸ் டீச்சர். அதனால் ஒத்திகையைப் பார்க்க ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் கோயில் முன்னால் கூடியிருந்தார்கள்.

கும்மியை நடத்துகிறவர் மாரிக்கண்ணு. அங்கன்வாடியில் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கணீரென்ற குரல். அவர் ஒரு வரி பாட மற்றவர்கள் திருப்பிப் பாடி, குனிந்து கொட்டி, நிமிர்ந்து கொட்டி நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். முதல் சுற்றிலேயே பக்கத்தில் நின்ற செல்வியின் கையில் என் கை பட்டது. செல்வி என் ஓர்ப்படி, கணவரின் பெரியப்பா மகன் மனைவி. இரண்டாம் சுற்றில் அவள் காலை மிதித்தேன். மூன்றாம் சுற்றில் எல்லாரும் வலப்பக்கம் போக, நான் மட்டும் ஒரே இடத்தில் நின்று கொட்டிக்கொண்டிருந்தேன்.

நின்று கவனித்து எண்ணினேன். ஏழு. எப்படி எண்ணினாலும் ஏழு. குனிந்து மூன்று, நிமிர்ந்து நான்கு. ஏழு முடிந்த அந்த இடத்திலேயே அடுத்த ஒன்று விழுந்துவிடுகிறது. என் கால் எட்டாவதற்காகத் தூக்கிய காலோடு காத்திருக்கிறது.

அது போதாதென்று இன்னொரு வினையும் இருந்தது. கொட்டுக்கு ஓர் அடி வைக்கிறார்கள். ஏழு ஒற்றைப்படை என்பதால், வலது காலில் தொடங்கிய சுற்று வலது காலிலேயே முடிகிறது. அடுத்தது இடது காலில் தொடங்குகிறது. அதற்கடுத்தது மறுபடி வலது. பதினோரு வருடமாக வலது காலை முதலில் வைத்துப் பழகியவளுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை என்று யாருக்கும் புரியவில்லை. நோட்டை எடுத்து வட்டம் போட்டு, வ, இ, வ, இ என்று எழுதி மாரிக்கண்ணுவிடம் காட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "அப்புடியா வருது? நாங்க வலது எடதெல்லாம் பாக்குறதில்லக்கா."

"பிறகு எதைப் பார்ப்பீர்கள்?"

"எதையும் பாக்க மாட்டோம். எண்ணாதீங்க. எண்ணுனா வராது."

மூன்றாம் நாள் முழுக்க இதையே கேட்டேன். ஏன் ஏழு என்று ஊரில் விசாரித்தேன். ஏழு கன்னிமார் என்றார் ஒருவர். முளைப்பாரி ஏழு நாள் வளர்கிறது என்றார் இன்னொருவர். பூசாரி, ஏழா, எட்டு இல்லையா என்று என்னையே கேட்டார். அவர் நாற்பது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர். எங்கே தவறுகிறேன் என்று கால் மணி நேரத்தில் சொல்லிக் கொடுங்கள் என்றால், மாரிக்கண்ணு முதல் வரியிலிருந்து முழுப் பாட்டையும் பாடுவார். நடுவில் நிறுத்திக் காட்டுங்கள் என்றால் அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. நடுவில் நிறுத்தினால் எந்த வரி என்று அவருக்கே மறந்துவிடுமாம். எங்கள் மன்றத்தில் இப்படிச் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் வாரம் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

கணவரிடம் போனில் புலம்பினேன். "ஏழுதானே? எட்டைவிடக் குறைச்சல்தானே?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

சாப்பாடாவது ஆறுதலாக இருந்திருக்கலாம். காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வந்தபோது உலகத்தையே மன்னிக்கத் தயாராக இருந்தேன். ஆனால் அது முதல் நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு வாக்கரோடு அடுப்பங்கரையில் நிற்க அத்தாச்சியால் முடியவில்லை. நான் சமைத்தேன். நான் சமைத்ததை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தினமும் பத்து மணிக்கு ஜெகதாப்பட்டினத்து மீன் ஏற்றிய மொபெட் ஒன்று எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று ஹாரன் அடிக்கும். காப்புக் கட்டிய ஊருக்குள் மீன்காரர் வர மாட்டார். யாரும் வாங்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு எதற்கு ஹாரன் என்று போய்க் கேட்டேன்.

"போட்டு கடலுக்குப் போனதே போன வாரம் முச்சூடும் ரெண்டு நாளுதான். சிலோன் நேவிக்காரங்க புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து கெடந்தாங்க. இன்னைக்கு வந்திருக்குன்னு சொல்லணும்ல? காப்பு அவுத்ததும் வாரேன், மறந்துராதீங்க."

ஐஸ் பெட்டியைத் திறந்தும் காட்டினார். நண்டு. நான் வீட்டுக்கு வந்து அரிசி உப்புமா கிண்டினேன்.

நான்காம் நாள் ஒத்திகையில் செல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். "அக்காவுக்கு வரலைன்னா விட்டுருங்க. பாவம், அவுங்களுக்கு இதுக்கும் என்ன இருக்கு? வட்டத்த மூடிருவோம், ஆட்டமாவது நல்லா இருக்கும்." கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவள் காலை நான் ஒன்பது தடவை மிதித்திருந்தேன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

வீட்டுக்கு வந்து அப்படியே அத்தாச்சியிடம் சொன்னேன். மூடினால் மூடிவிட்டுப் போகட்டும், ஒரு இடம்தானே என்றேன். இந்த வாரம் நான் எங்கள் மன்றத்தின் ஆண்டுவிழாவை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

அத்தாச்சி கடலை உரித்துக்கொண்டிருந்தார். 

"கட்டுனவன் ஒத்து வரலைன்னு மூணாம் வருசமே வந்துட்டவ நான்" என்றார். "வீடு எங்க அப்பா வீடு. அப்பறம் தம்பி வீடு. இப்ப ஒன் வீடு. கரண்டு பில்லுல ஒங்க பேரு, கோயில் வரியில ஒங்க பேரு. நான் அதக் கொறையா சொல்லல. ஆனா அந்த வட்டத்துல எங்க வீட்டு எடத்துல நிக்கிறப்ப, இது பஞ்சவர்ணத்து வீடுன்னு ஊரு சொல்லும். வருசத்துக்கு ஒரு நாளு. அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கறது."

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு வருடமாக மருமகளாக இருக்கிறேன், இதை ஒரு முறைகூட யோசித்ததில்லை. அதே சமயம் கோபமும் வந்தது. இதையும் போனில் சொல்லியிருக்கலாம்.

அத்தாச்சி எழுந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் மிச்சக் கடலையை இழுத்துப் போட்டு உரிக்க ஆரம்பித்தேன். அந்த வாக்கர் சத்தம் வந்த நாளிலிருந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் எழுப்புவதே அதுதான். சிமெண்டுத் தரையில் வாக்கரை வைக்கிற டக், ஆபரேஷன் கால் இழுபடுகிற சர், நல்ல கால் விழுகிற தொம். மறுபடி டக், சர், தொம். பிறகு வாக்கரைச் சரிபண்ணிக்கொள்ள இன்னொரு டக். உடனே அடுத்தது. முற்றத்தைத் தாண்டி அவர் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன், என் கை அந்தச் சத்தத்துக்குக் கடலையை உடைத்துக்கொண்டிருந்தது. டக், சர், தொம். டக், சர், தொம், டக். மூன்றும் நான்கும்.

"அத்தாச்சி, நீங்கள் ஏழில் நடக்கிறீர்கள்."

"முப்பது வருசமா சுத்துன காலு. வேற எப்புடி நடக்கும்?" என்றார், நான் என்னமோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே நடந்தேன். குளியலறைக்குப் போனால் வாசல் வரை, கோழியை விரட்டினால் கொல்லை வரை. நோட்டை எடுக்கவே இல்லை. கையைத் தட்டிக்கொண்டு ஒரு நோயாளியின் பின்னால் போகிற என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ, கேட்கவில்லை. ஆறாம் நாள் ஒத்திகையில் இரண்டு தடவைதான் தடுமாறினேன். செல்வி என் பக்கத்தில் செருப்பில்லாமல் நிற்கும் தைரியம் பெற்றாள் என்று மாரிக்கண்ணு கேலி செய்தார். கும்மிக்கு யாருமே செருப்புப் போடுவதில்லை.

ஏழாம் நாள், முளைப்பாரிகளை நடுவில் இறக்கி வைத்தார்கள். பதினெட்டுச் சட்டியிலும் இளம்பச்சை முழ உயரம் நின்றது. வெயில் தாழ்ந்திருந்தது. அத்தாச்சிக்கு எங்கள் வீட்டு இடத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் சரியாக இருந்த அந்த நேரத்தில், ஊர் இளைஞர்கள் ஆசைப்பட்டு ஏற்பாடு செய்திருந்த செண்டை மேளக்காரர்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஆச்சரியமாம்.

மேளம் அதிர்ந்தது. எட்டு. சுத்தமான, வெட்டி வைத்த எட்டு. ஆறு நாள் கெஞ்சியும் எனக்குக் கிடைக்காத எட்டாவது கொட்டு, கடைசி நாள் வேன் ஏறி வந்து சேர்ந்தது. மற்ற பதினேழு பெண்களும் அதைக் காதில் வாங்காமல் ஏழிலேயே போனார்கள். என் கால் இருக்கிறதே, பிறந்த வீட்டைக் கண்ட மாதிரி ஓடிப்போய் அதோடு சேர்ந்துகொண்டது. நான் தனியாக நின்றேன். பூசாரி கையைத் தூக்கினார். ஒன்று.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு சுற்றுப் போனேன். ஐந்தாவதில் மேளம் வேகம் பிடித்ததும் மறுபடி கால் போய்விட்டது. இரண்டு.

செல்வி என்னைப் பார்க்காமல் புடவையைச் சரிசெய்தாள். நான் திரும்பி அத்தாச்சியைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாரிக்கண்ணு நேராக மேளக்காரர்களிடம் போனார். "தம்பி, நல்லாத்தான் அடிக்கிறீங்க. கொஞ்சம் அங்கிட்டுப் போயி டீ குடிச்சிட்டு வாங்க." இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவருடைய அங்கன்வாடியில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். மேளம் நின்றது.

நின்ற பிறகும் என் காதுக்குள் எட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாரிக்கண்ணு முதல் வரியை எடுத்தார். எந்தக் காலை வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்போது பின்னாலிருந்து கேட்டது. டக், சர், தொம்.

அத்தாச்சி எழுந்துவிட்டார். வாக்கரோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, கோயில் முன் சிமெண்டுத் தரையில் நடக்க ஆரம்பித்தார். டக், சர், தொம், டக். நான் எண்ணவில்லை. அந்தச் சத்தத்துக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான். வட்டம் அவருக்காகக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது. யாரும் சொல்லி மெதுவாக்கவில்லை. பாட்டு முடிந்து குலவை போட்டபோதுதான் முடிந்தது என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தாச்சி என் பின்னால் இல்லை. என் பக்கத்தில், வட்டத்துக்குள் நின்றார்.

"அந்த வீட்டு எடத்துல ரெண்டு பேரு நின்னாங்களே" என்றாள் செல்வி.

"எடம் ஒண்ணுதான? காலியா இல்லையில்ல?" என்று மாரிக்கண்ணு சொல்லிவிட்டு, அத்தாச்சியின் முளைப்பாரியைத் தூக்கி என் தலையில் வைத்தார். முளைப்பாரி கரைக்கும் ஊருணி வரை சுமந்தேன். வழியில் யாரோ யாரிடமோ அது யார் வீட்டுது என்று கேட்டார்கள். பஞ்சவர்ணத்து வீட்டுது என்று பதில் வந்தது. சட்டிக்குக் கீழே என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை, யார் சொன்னது என்று தெரியாது.

காப்பு அவிழ்த்த மறுநாள் மீன்காரர் ஹாரன் அடிக்கவே இல்லை. படகு கடலுக்குப் போகவில்லையாம். நண்டு கனவோடு பெட்டியைக் கட்டினேன். கிளம்பும்போது அத்தாச்சி சொன்னார். "அடுத்த வருசம் நீ வர வேணாம்."

"ஏன்?"

"ஒன் கால நம்பி நாற்காலியில ஒக்காந்திருந்தா எனக்கு நெஞ்சு வலியே வந்துரும். நானே ஆடிக்கிறேன்."

வெள்ளைப் பணியாரம் ஒரு டப்பா நிறையக் கொடுத்துத்தான் இதைச் சொன்னார். ஏழு நாள் பத்தியம், இத்தனை பஸ், ஓர் ஆண்டுவிழா, அதற்குக் கிடைத்தது இது. திருச்சி விமான நிலையம் வரை பொருமிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் தொப்பியையும் காணோம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. மாரிக்கண்ணு எடுத்தது. எங்கள் வீட்டு முற்றம். அத்தாச்சி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். வாக்கர் சுவரோரம் சாத்தியிருந்தது. தலையில் என் தொப்பி, கடலை மூட்டை அழுத்திய பள்ளத்தோடு. அதையும் முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தார். நான் எண்ணிப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. ஏழு. வலதில் ஒன்று, இடதில் ஒன்று, ஓர் இடத்திலும் பிசகில்லை. பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது, என்னைவிட நன்றாக ஆடுகிறாரே என்று எரிச்சலும் வந்தது.

தொப்பியை எப்படிப் போட வேண்டும் என்றாவது சொல்லுவோம் என்று உடனே போன் போட்டேன். மாரிக்கண்ணு எடுத்து அவரிடம் நீட்டியிருக்க வேண்டும். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"இரு வசந்தா, நடுவுல நிப்பாட்டாத" என்றார் அத்தாச்சி. "மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

போனை வைத்துவிட்டார்.